குருவிக்கூடும் கொஞ்சம் கணக்கும்

கோடை சீசன் நெருங்கினால் எங்கள் மன்னவனூர்ப் பக்கம் இரண்டு வேலைகள் ஒன்றாக நடக்கும். ஒன்று, விடுதிகளுக்குப் பெயிண்ட் அடிப்பது. இன்னொன்று, இறவாணத்தில் தகைவிலான் கட்டிய மண்கூட்டை ஒட்டடைக் கம்பால் தட்டி விடுவது. இரண்டுக்கும் ஒரே பெயர்தான் சொல்கிறார்கள்: "சுத்தம் பண்றோம்."

முதலாவது சுத்தம்தான். இரண்டாவதற்குச் சட்டத்தில் வேறு பெயர் இருக்கிறது: வேட்டை!

மிகைப்படுத்தவில்லை நண்பர்களே. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இரண்டாம் பிரிவைப் பாருங்கள். 'வேட்டை' என்ற சொல்லுக்கு அங்கே கொடுத்திருக்கும் விளக்கத்தில் துப்பாக்கியும் கண்ணியும் மட்டும் இல்லை. பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவது, முட்டையையோ கூட்டையோ கலைப்பது எல்லாமே அதில் அடக்கம். ஒன்பதாம் பிரிவு அந்த வேட்டையைத் தடை செய்கிறது. நம் வீட்டைச் சுற்றி இருக்கும் காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவை பாதுகாப்புப் பட்டியலில்தான் வருகின்றன. 2022 திருத்தம் (நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரல் 1) சாதாரணக் குற்றத்துக்கான அபராதத்தை 25 ஆயிரம் ரூபாயிலிருந்து 1 லட்சம் வரை உயர்த்தியது. சிறை மூன்று ஆண்டு வரை. காகத்தைத் தொல்லை உயிர் என்று வைத்திருந்த ஐந்தாம் அட்டவணையையே அந்தத் திருத்தம் எடுத்துவிட்டது. அதனால் "காக்காய்க் கூடுதானே" என்றும் இனி தப்பிக்க முடியாது.

"என் வீடு, என் சுவர், நான் தட்டுவேன்" என்பார்கள். சரி, சட்டத்தை விடுங்கள். நான் பி.காம். படிப்பவன், கணக்காகவே பேசுகிறேன்.

தகைவிலான் முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறந்து போகும் வரை சுமார் ஐந்து வாரம், இழுத்தால் ஆறு. எச்சம் விழுகிறது என்பதுதான் புகார். கூட்டுக்குக் கீழே ஒரு முழம் விட்டு ஒரு பலகையை ஆணியடித்தால் எச்சம் அதில் விழும், தரையில் விழாது. பழைய பலகை என்றால் செலவு பூஜ்யம். வரவு? அந்த ஐந்து வாரமும் அப்பாவும் அம்மாவும் குஞ்சும் தின்பது முழுக்கப் பறக்கும் பூச்சிகள். இவ்வளவு மலிவான வேலையாள் வேறு எங்கே கிடைப்பான்?

இதைவிட எனக்கு எரிச்சல் தருவது ஒன்று உண்டு. வாசலில் "பறவைகளைக் காண வாருங்கள்" என்று பலகை வைத்துவிட்டு, அதே வாசலின் கூட்டைத் தட்டுகிறோம். ஏரியையும் புல்வெளியையும் பார்க்க அவ்வளவு தூரம் வருகிறவர்களுக்கு, தலைக்கு மேலே தாய்ப் பறவை குஞ்சுக்கு ஊட்டுவதைக் காசில்லாமல் காட்டலாமே! கணக்குப் பதிவியலில் நற்பெயரும் ஒரு சொத்து என்று சொல்லித்தருகிறார்கள். நாம் அந்தச் சொத்தை ஒட்டடைக் கம்பால் தட்டிக் குப்பையில் போடுகிறோம்.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. 2020இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில், தெருவிளக்கு சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சிறு குருவி முட்டையிட்டது. ஊரே கூடிப் பேசி, குஞ்சு பறக்கும் வரை ஒரு மாதத்துக்கும் மேல் தெருவிளக்கு இல்லாமல் இருட்டில் நடந்தது. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்திலோ கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. நாரை எச்சத்தோடு ஒப்பிட்டால் தகைவிலான் எச்சம் எம்மாத்திரம்? அந்த ஊர்க்காரர்கள் அதை வயலுக்கு உரமாக்கிக் கொண்டார்கள். நமக்கு ஒரு பலகை அடிக்க மனம் வரவில்லை.

இன்னொரு பக்கத்தாரையும் சொல்ல வேண்டும். "கூட்டைத் தொட்டாலே பாவம், எப்போதும் கை வைக்காதே" என்பவர்கள். இதுவும் சரியில்லை. மீட்டர் பெட்டியிலோ அடுப்புப் புகைபோக்கியிலோ கூடு இருந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்மையானது. அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. மனித உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து என்றால் பதினொன்றாம் பிரிவின்கீழ் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ எழுத்து மூலம் அனுமதி தரலாம். எனவே முதலில் போக வேண்டிய இடம் வனச்சரக அலுவலகம். மின்சாரம் சம்பந்தப்பட்டதென்றால் மின்வாரியத்துக்கும் சொல்லுங்கள். நீங்களே ஏணி போட்டு ஏறாதீர்கள்.

ஆபத்து இல்லாத கூட்டுக்கு முறை எளிது. குஞ்சுகள் பறந்த பிறகும் சில நாள் தள்ளி நின்று பாருங்கள். அடுத்த ஈடு வைத்தால் இன்னொரு முறை பொறுக்கத்தான் வேண்டும். போக்குவரத்து முற்றிலும் நின்று கூடு காலி என்று உறுதியானதும் எடுங்கள். சந்தேகம் இருந்தால் வனத்துறையைக் கேளுங்கள். முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். காய்ந்த எச்சத்தைச் சுரண்டினால் தூசி நுரையீரலுக்குள் போய் நோய் கொடுக்கும். அதனால் முதலில் தண்ணீர் தெளித்து நனையவிட்டு, பிறகு சுரண்டுங்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அந்த இடத்தில் அடுத்த வருடம் கூடு வேண்டாம் என்றால், அடுத்த கூடு தொடங்கும் முன்பே சந்தை வலை அடித்து அடைத்துவிடுங்கள். பறவை வேறு இடம் பார்த்துக்கொள்ளும்.

குஞ்சு தவறி விழுந்திருந்தால் மெதுவாக எடுத்துக் கூட்டிலேயே வையுங்கள். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை.

ஆக, கூட்டை எடுக்கவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எப்போது எடுப்பது என்பதுதான் கேள்வி. ஐந்தாறு வாரம் பொறுத்தால் அது வெறும் மண். இன்றைக்கே தட்டினால் மூன்று நான்கு உயிர். வித்தியாசம் ஒரு நாட்காட்டியும் ஒரு பழைய பலகையும்தான். இந்த சீசனுக்கு விடுதியை வெள்ளையடிக்கும் அண்ணன்மார்களே, வாளியை எடுக்கும் முன் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். மேலே யாராவது குடியிருந்தால், அந்த ஒரு மூலையை மட்டும் கடைசியில் அடித்துக்கொள்ளலாம்.