விண்ணப்பம் யாரிடம் நிற்கிறது?

கன்வென்ஷன் பந்தலில் வருஷம் தவறாமல் நம்ம சனத்துக்கு ஒரு பாடம் நடக்கிறது. செபம் கேட்கப்படாமல் போவதற்குக் காரணம் நான்கு என்பார் பிரசங்கியார். உன்னிடம் பாவம் இருக்கிறது. உனக்கு விசுவாசம் போதவில்லை. கர்த்தருடைய வேளை இன்னும் வரவில்லை. நீ கேட்டதைவிட நல்லதை அவர் எடுத்து வைத்திருக்கிறார். நாலையும் புரட்டிப் பாருங்கள். முழங்கால் போட்டவள் மேல்தான் குற்றம். இல்லையென்றால் முழங்கால் போட்டவள்தான் காத்துக் கிடக்கணும். கொடுக்க மறுத்தவன் என்று ஒருத்தன் உலகத்தில் இருப்பதாகவே அந்தப் பாடத்தில் வராது.

பழவேற்காடு ஏரியில் பசியாவரம் ஒரு தீவு. பெயரைப் பிரித்துப் படித்தால் பசியா வரம். சாமியிடம் வரம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்த ஊர் மாதிரி இருக்கிறது. அங்கேயும் இடமணியிலும் ஆதிதிராவிடர் காலனியிலும் இருக்கிற சனம் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கடைகண்ணிக்கும் தலைமுறை தலைமுறையாகப் படகில்தான் போய் வந்தது. பாலம் வேண்டும் என்று கொடுத்த மனுக்களுக்குக் கணக்கில்லை. பாலவேலை தொடங்கியதே இந்தப் பத்தாண்டில்தான். வலி எடுத்த மகளை ராத்திரியில் படகேற்றிவிட்டுக் கரையில் நின்று செபித்தாளே ஒரு தாய், அவளுக்கு நாலில் எந்தக் காரணத்தைச் சொல்லுவீர்கள்? வராமல் இருந்தது கர்த்தருடைய வேளையா, சர்க்காரின் டெண்டரா?

நம்ம வேதப்புத்தகத் தமிழில் செபத்துக்கு விண்ணப்பம் என்று பேர். தாலுகா ஆபீசிலும் அதே சொல்தான். இது நல்ல சொல். விண்ணப்பம் என்றால் எந்த மேசையில் நிற்கிறது, யார் கையெழுத்துப் போடவில்லை என்று கேட்கலாம். எங்கள் கேள்வியும் அதுதான்.

ஏரியிலேயே பாருங்கள். பாடு என்று ஒரு முறை இருக்கிறது. இறால் ஓடுகிற நல்ல இடங்களில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று பட்டினவர் குப்பங்கள் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்ளும். கலியாணமான ஆம்பிளை பேர் கணக்கில் ஏறும். சண்டை சச்சரவு இல்லாமல் பங்கிடுகிற அருமையான ஏற்பாடு என்று படித்தவர்கள் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். சாதிக்கு வெளியே பிறந்தவன் பேர் அந்தக் கணக்கில் ஏறாது என்பதைப் போகிற போக்கில் ஒரு வரியாக எழுதியிருப்பார்கள். எங்களுக்கு ஆழமில்லாத தண்ணி. இருளர் சனம் கையால் தடவி இறால் பிடிக்கிறது. (பட்டினவரும் பஞ்சைகள்தான். எண்ணூர் அனல்மின் சாம்பலும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் அவர்கள் வயிற்றிலும்தான் அடிக்கிறது. அதற்காகச் சீட்டில் எங்கள் பேர் இல்லாதது இல்லை என்று ஆகிவிடாது.)

இந்தக் கரையில் வந்து நின்றுகொண்டு, ராத்திரி முழுக்க ஒன்றும் அகப்படாத சீடர்களை வலது பக்கம் வலைபோடச் சொன்ன இயேசுவைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறார்கள். அய்யா, எங்களுக்கு வலது பக்கமும் அடுத்தவன் பாடு, இடது பக்கமும் அடுத்தவன் பாடு. தவக்காலம் வந்தால் கிறிஸ்துவின் பாடுகளில் உங்களுக்குப் பங்கு உண்டு என்று ஆறுதல் வேறு. அந்தப் பாட்டில் மட்டும் எங்கள் பேரைக் கேட்காமலே சேர்த்துவிடுவார்கள்.

இனிப் பெரிய விண்ணப்பத்துக்கு வருவோம். 1950 ஆகஸ்ட் 10-இல் குடியரசுத் தலைவர் ஆணை ஒன்று வந்தது. அதன் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆகமாட்டார் என்றது. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990-இல் பவுத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவ தலித்தும் முஸ்லிம் தலித்தும் இன்றுவரை வாசலில். சென்னை ரோட்டோரத்தில் செருப்புத் தைத்த சூசை, சர்க்கார் கொடுத்த பெட்டிக்கடை தனக்கு மட்டும் ஏன் இல்லை என்று உச்சநீதிமன்றம் வரைக்கும் போனார். மதம் மாறிய பின்பும் இழிவு தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்று 1985-இல் தீர்ப்பு வந்தது. ஆதாரம் போதாதாம்! கல்லறைத் தோட்டத்துக் குறுக்குச் சுவரைக் கோர்ட்டுக்குத் தூக்கிக்கொண்டா போக முடியும்? 2004-இல் போட்ட வழக்கு இருபது வருஷம் தாண்டியும் இழுத்துக்கொண்டு கிடந்தது. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் கொடுக்கச் சொன்னது. கொடுக்காமல் 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டு, அதற்குக் காலக்கெடுவை நீட்டிக்கொண்டே போனார்கள். அடிபட்டு ஸ்டேஷனுக்குப் போனால் வன்கொடுமைச் சட்டம் உனக்கு இல்லை, நீ கிறிஸ்தவன் என்கிறான். பிள்ளை படிப்புக்காக ஒருத்தன் சர்டிபிகேட்டில் இந்து என்று எழுதிக்கொண்டால், அவனைத்தான் பிரசங்கபீடத்தில் நின்று மறுதலித்தவன் என்று ஏசுகிறார்கள். மூன்றாம் பத்தியை எழுதியவனை ஏசுவதில்லை.

சபைக்குள்ளேயும் விண்ணப்பங்கள் கிடக்கின்றன. திருச்சபைக்குள் சாதி பார்ப்பது பெரும் பாவம் என்று கத்தோலிக்க ஆயர் பேரவை தலித்துகளுக்கென்று ஒரு கொள்கை அறிக்கையை வெளியிட்டது 2016-இல். ஞானஸ்நானம் வாங்கிய எங்கள் பாட்டன் பூட்டன் எல்லாம் மண்ணுக்குள் போன பிறகு.

வேதத்தைத்தான் இவர்கள் முழுசாகத் திறக்கிறார்களா? கேட்கப்படாத செபத்தைப் பற்றி ஏசாயா முதல் அதிகாரத்தில் கடவுளே பேசுகிறார். யாருடைய செபத்தை? கையில் இரத்தம் இருக்கிறவனுடைய செபத்தை. எத்தனை செபம் செய்தாலும் காதில் வாங்கமாட்டேன் என்கிறார். நீதிமொழியும் அப்படித்தான்: ஏழை கூப்பிடும்போது காதை அடைத்துக்கொண்டவன், தான் கூப்பிடும்போது பதில் இல்லாமல் நிற்பான். கூலிக்காரன் கூக்குரலும் எகிப்தில் செங்கல் அறுத்தவன் கூக்குரலும் மேலே எட்டியதாகத்தான் எழுதியிருக்கிறது. மிதிக்கிறவனுக்குச் சொன்ன சாபத்தை மிதிபடுகிறவள் தலையில் எப்போது மாற்றி வைத்தீர்கள்?

பழவேற்காட்டில் டச்சுக்காரன் 1613-இல் கெல்டிரியா கோட்டை கட்டினான். கடவுளைக் கும்பிட்டவன்தான் அவனும். பஞ்சத்தில் விலைபோன சனத்தை இங்கிருந்து கப்பலேற்றிப் பத்தாவியாவுக்கு அடிமையாக அனுப்பினான். வியாபாரம் செழிக்கக் கோட்டைக்குள் கேட்டவன் செழித்தான். கப்பலின் அடித்தட்டில் கிடந்தவன் கேட்டது கிடைக்கவில்லை. நாலு காரணப் பாடத்தின்படி யாருக்கு விசுவாசம் அதிகம்? அவன் கல்லறைகளைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

செபமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மகிமை மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவளையும், ஓலைக்கொட்டகையில் கையுயர்த்தி அழுகிறவளையும் கேலி பண்ண நான் யார்? யாரும் மறுக்காமலே கிடைக்காமல் போகிற செபமும் இருக்கிறது. கடலுக்குப் போனவன் புயலில் திரும்பவில்லை, பிள்ளைக்கு வந்த நோய் தீரவில்லை. கெத்சமனேயில் இயேசு கேட்டதும் கிடைக்கவில்லை. அங்கே காரணம் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், கூட அழுங்கள், கஞ்சி காய்ச்சிக் கொடுங்கள். எங்கள் பக்கத்துக் காலனியில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு அக்காவிடம், "விசுவாசத்தில் எங்கேயோ ஓட்டை இருக்குது, சோதிச்சுப் பாரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார் ஒரு ஊழியர். அக்கா மூன்று வருஷமாகச் சோதித்துக்கொண்டிருந்தது.

விதவையும் அநீதியுள்ள நீதிபதியும் என்று லூக்காவில் ஒரு கதை இருக்கிறது. சோர்ந்துபோகாமல் செபிக்கணும் என்பதற்கு அதைத்தான் எடுப்பார்கள். அந்தப் பொம்பளை வீட்டு மூலையில் முழங்காலிலா இருந்தாள்? நீதிபதி வாசலுக்கு நடையாக நடந்தாள். தொல்லை தாங்காமல்தான் அவன் நியாயம் செய்தான்.

ஆகஸ்ட் 10-ஐ வருஷாவருஷம் கறுப்பு நாள் என்று அனுசரிக்கிறோம். அன்றைக்கு மெழுகுவர்த்தி ஊர்வலத்தோடு முடித்துக்கொள்ளாமல், அந்த ஆணையின் மூன்றாம் பத்தியைப் பீடத்தில் நின்று சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள் உங்கள் சாமியாரிடம், பாஸ்டரிடம். ஏரிப் பாட்டுச் சீட்டில் யார் பேர் உண்டு, யார் பேர் இல்லை என்பதையும் சேர்த்து வாசிக்கட்டும். வாசித்து முடித்த பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்கட்டும், உங்களுக்கு விசுவாசம் குறைவா என்று.