செய்திக்குக் கட்டணம்: யாரிடம், எவ்வளவு?

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் நம் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் தென்பெண்ணையாற்றில் பெருகி, பாகூர்ப் பகுதியைச் சூழ்ந்தது. இப்படிப்பட்ட ஓர் இரவில் கைபேசியில் நாம் திறக்கும் செய்தி இரண்டு வரிகளோடு நின்று, மீதியைப் படிக்கச் சந்தா கட்டச் சொன்னால் எப்படி இருக்கும்? அணை உடைந்துவிட்டதென்று யாரோ கிளப்பும் வதந்தியோ காசு கேட்காமல் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்துவிடும்!

அதற்காக, செய்தி நிறுவனங்கள் கட்டணம் கேட்பதே தவறு என்று நாம் சொல்லவில்லை. மழையில் நனைந்து பாகூர் வரை போய்வரும் நிருபருக்கும் குடும்பம் உண்டு. அச்சு இதழ்களை வாழவைத்த விளம்பரப் பணத்தில் பெரும்பங்கு இன்று கூகுள், ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களுக்குப் போகின்றது. 'நியூயார்க் டைம்ஸ்' 2011-இல் இணையத்தில் கட்டணம் வைத்தது. நம் 'தி இந்து' ஆங்கில நாளிதழும் பல கட்டுரைகளைச் சந்தாதாரர்களுக்கு மட்டுமே தருகின்றது. வாசகர் பணம் தராவிட்டால் விளம்பரதாரரும் அரசும்தான் தரவேண்டும். அவர்கள் முகம் கோணும்படி எழுதப் பிறகு யாருக்குத் துணிவு வரும்?

ஆனால் அச்சு இதழுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. டீக்கடையில் ஒருவர் வாங்கிப் போட்டதைப் பத்துப் பேர் படித்தார்கள். 1827-இல் தொடங்கிய நம் ரோமன் ரோலண்டு நூலகத்தில் காசில்லாதவரும் உட்கார்ந்து படிக்கலாம். இணையச் சந்தாவோ அவரவர் கைபேசியோடு முடிந்துவிடுகின்றது. வீட்டு வேலைக்குப் போகும் சகோதரிக்கும் வங்கி அதிகாரிக்கும் ஒரே விலை.

பாரதியார் ஆசிரியராக இருந்த 'இந்தியா' வார இதழ் இதற்கு வேறு வழி கண்டது. 1906-இல் சென்னையில் தொடங்கி, 1908-இல் நம் ஊருக்கு இடம் மாறிய இதழ் அது. அதன் ஆண்டுச் சந்தா ஆளுக்கு ஆள் மாறியது: அரசாங்கங்களுக்கு 50 ரூபாய், ஜமீன்தார்களுக்கும் ராஜாக்களுக்கும் 30, மாதம் 200 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 15, மற்றவர்களுக்கு 3. (அரசாங்கத்துக்குத்தான் அதிக விலை என்பது பாரதியின் குறும்பு!) அந்த இதழும் நிலைக்கவில்லை என்பது உண்மைதான். பிரிட்டிஷ் அரசு தன் எல்லைக்குள் அதைத் தடுத்தது. வாசகர்களில் பெரும்பாலோர் அங்கேதான் இருந்தனர். 1910-இல் 'இந்தியா' நின்றது. அதை நிறுத்தியது அரசின் தடை, சந்தா முறையன்று.

இன்றும் இது முடியாததல்ல. லண்டன் 'கார்டியன்' தன் இணையதளத்தைத் திறந்தே வைத்து, இயன்றவர்களிடம் உதவி கேட்கின்றது. நம் ஆலயங்களில் திருப்பலிக்கு நுழைவுச்சீட்டு இல்லை. ஆனாலும் ஞாயிறு காணிக்கையில்தான் மின்கட்டணம் கட்டப்படுகின்றது. புயல், வெள்ளம், நோய், தேர்தல் பற்றிய செய்திகளைச் சந்தாவுக்கு வெளியே வைத்துவிட்டு, மற்றவற்றுக்கு மாணவர், கூலித் தொழிலாளர், ஓய்வூதியர், நல்ல சம்பளக்காரர் எனத் தனித்தனி விலை வைக்கட்டும். நூலகங்களும் பொதுச் சந்தா கட்டட்டும். வருமானத்தை யார் சரிபார்ப்பது என்று கேட்கலாம். அப்போது நாம் எந்த வரிசையில் நிற்கின்றோம் என்பதை நாமே சொல்ல வேண்டியிருக்கும்.