கேட் தேர்வும் விடத் தெரியாத நாமும்

ரெண்டு வாரம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம். கையில பஜ்ஜியோட டிவி முன்னாடி உக்காந்திருந்தேன். அருப்புக்கோட்டையில இருந்து சித்தப்பா பொண்ணு போன் பண்ணா. எடுத்தா பேச்சே இல்ல, விசும்பல் மட்டும்தான் கேக்குது.

"என்னம்மா ஆச்சு? வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்கல்ல?"

"அண்ணே, மாக் டெஸ்ட் எழுதினேன். 58 கேள்வி போட்டேண்ணே. 62 பெர்சன்டைல்தான் வந்திருக்கு. நான் இதுக்கெல்லாம் லாயக்கில்ல போலண்ணே."

அவ சாதாரணமா அழற ஆளு கிடையாது. சித்தப்பா தறி ஓட்டுறவர். சித்தியோட வளையலை அடகு வச்சுத்தான் கோச்சிங் ஃபீஸ் கட்டியிருக்காங்க. அந்த 62-ஐப் பாத்ததும் அவளுக்கு வளையல்தான் கண்ணு முன்னாடி வந்திருக்கும். பஜ்ஜியை ஓரமா வச்சுட்டு, "பேப்பரை அனுப்பு, ராத்திரி பேசலாம்"னு சொன்னேன். அன்னிக்கு ராத்திரி ரெண்டு பேரும் போட்ட கணக்குதான் இந்தப் பதிவு.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். கேட்னா எஞ்சினியரிங் பசங்க எழுதுற கேட் இல்லீங்க, இது பூனை கேட். ஐஐஎம்கள்ல எம்பிஏ சேர எழுதுற தேர்வு. நம்ம திருச்சி ஐஐஎம்முக்கும் இதுதான். வழக்கமா நவம்பர் கடைசி ஞாயிறு வாக்குல நடக்கும். 2024-ல மொத்தம் 68 கேள்வி, 2 மணி நேரம். இங்கிலீஷ் 24, டேட்டாவும் லாஜிக்கும் 22, கணக்கு 22. ஒவ்வொரு பகுதிக்கும் 40 நிமிஷம். ஒரு பகுதியோட நேரம் முடிஞ்சா கதவு சாத்தியாச்சு, திரும்பிப் போக முடியாது. சரியான பதிலுக்கு 3 மார்க். நாலு விடையில ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிற கேள்வியில தப்புப் பண்ணா 1 மார்க் போயிடும். விடையை நாமளே டைப் பண்ற கேள்விகளுக்கு மட்டும் மைனஸ் கிடையாது.

எழுதுறவங்க கிட்டத்தட்ட மூணு லட்சம் பேர். அவங்கள்ல எத்தனை சதவீதம் பேரை நீங்க தாண்டியிருக்கீங்கங்கறதுதான் பெர்சன்டைல். முக்கியமான விஷயம் என்னன்னா, சமீப வருஷங்கள்ல மொத்த மார்க்ல பாதி எடுத்தவங்களே 99-ஐத் தொட்டிருக்காங்க. ஆமாங்க, பாதிதான். ஸ்கூல்ல பாதி மார்க் வாங்கிட்டு வந்தா வீட்ல என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

பிரச்சனை அங்கதான் ஆரம்பிக்குதுன்னு நான் நினைக்கிறேன்.

பத்தாவது, பன்னெண்டாவது பப்ளிக் எக்ஸாமுக்கு முன்னாடி வாத்தியார் சொன்னது ஞாபகம் இருக்கா? "ஒரு கேள்வியைக் கூட விடாத. தெரியலைன்னா தெரிஞ்சதை எழுது. அதுவும் தெரியலைன்னா கேள்வியையே மாத்தி எழுது. திருத்துறவர் பாவம் பாத்து ஒரு மார்க்காவது போடுவார்." நாமளும் அடிஷனல் ஷீட் மேல அடிஷனல் ஷீட்டா வாங்கி, நூல் கட்டிக் கொடுத்துட்டு வந்தோம். பேப்பர்ல காலி இடம் விடுறது நமக்குப் பாவம், அவமானம், சோம்பேறித்தனம். பன்னெண்டு வருஷம் அப்படியே பழகிட்டு, விடத் தெரிஞ்சவனுக்கு மார்க் போடுற ஒரு தேர்வுக்குப் போய் உக்காந்தா வேற என்ன நடக்கும்?

தங்கச்சி பேப்பருக்கு வருவோம். 58 கேள்வி போட்டிருக்கா. சரி 19, தப்பு 39. அந்த 39-ல 12 மைனஸ் இல்லாத கேள்வி. மீதி 27-க்கும் தலா ஒரு மார்க் போச்சு. 19 சரிக்கு 57 மார்க், 27 கழிச்சா 30.

"இந்த 27-ஐ நீ தொடாமலே இருந்திருந்தா?"னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "57ண்ணே"னா.

ஒரு ஃபார்முலா கூடப் புதுசாப் படிக்காம 30 எப்படி 57 ஆகுது பாருங்க. "எது தப்பாகும்னு முன்கூட்டியே எப்படித் தெரியும்?"னு நீங்க கேப்பீங்க. நியாயமான கேள்வி, அவளும் அதைத்தான் கேட்டா. அதனால அந்த 27-ஐயும் ஒண்ணொண்ணா எடுத்து, எதனால தப்பாச்சுன்னு மூணா பிரிச்சோம். பாடமே தெரியாததால தப்பு 6. தெரிஞ்சும் அவசரத்துல தப்பு 5. மீதி 16-ல, பதிலை அழுத்தும்போதே அவளுக்கு உள்ளுக்குள்ள சந்தேகம் இருந்திருக்கு. "விட்டா வேஸ்ட் ஆயிடுமேன்னு போட்டேண்ணே"னா. ஆக, எது தப்பாகும்னு அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. விட மனசுதான் வரல.

இன்னொரு கணக்கும் சொல்றேன். நாலு விடையில கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணை அழுத்தினா, சராசரியா நாலுல ஒண்ணு சரி, மூணு தப்பு. வர்றது 3, போறது 3. லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல. ஆனா நாம யாரும் கண்ணை மூடி அழுத்துறதில்லையே! பாதிக் கணக்குப் போட்டுட்டு அழுத்துறோம். கேள்வி தயாரிக்கிறவர் என்ன லேசுப்பட்டவரா? பாதியில விட்டவனுக்கு என்ன விடை வரும்னு அவருக்குத் தெரியும். அதையும் ஒரு விடையா வச்சிருப்பார். அதனால அரைகுறையாத் தெரிஞ்சு போடுறது குருட்டடியை விட மோசமாப் போகலாம். நாலுல ரெண்டை நிச்சயமாத் தள்ளிட முடிஞ்சா மட்டும் மீதி ரெண்டுல ஒண்ணைப் போடலாம். அப்ப சராசரியா ஒரு கேள்விக்கு 1 மார்க் லாபம்.

சரி, இப்ப என் கதை. இதுல நான் ஒண்ணும் பெரிய புலி கிடையாது. முதல் தடவை எழுதினது 2019-ல. அப்ப 100 கேள்வி, 3 மணி நேரம். நான் 80 போட்டுட்டு, காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டு வெளிய வந்தேன். ரிசல்ட் பாத்தா 33 தான் சரி. 71 பெர்சன்டைல். அந்த வருஷம் டேட்டா, லாஜிக் பகுதியில எட்டு செட் இருந்துச்சு. முதல் செட்டுலயே 22 நிமிஷம் உக்காந்துட்டேன். பதினஞ்சாவது நிமிஷமே இது நமக்கு வராதுன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா வீம்பு! பஸ் ஸ்டாப்புல முக்கா மணி நேரம் நின்னதுக்கப்புறம் ஆட்டோ பிடிக்க மனசு வராது பாருங்க, இவ்வளவு நேரம் நின்னாச்சு, இப்ப வந்துடும்னு தோணும். அதே வியாதிதான். கடைசியில கடைசி ரெண்டு செட்டைப் படிச்சுக் கூடப் பாக்கல. வீட்டுக்கு வந்து பாத்தா அந்த ரெண்டும்தான் இருக்கறதுலயே சுலபம். அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கல.

அடுத்து 2021-ல எழுதினேன். மொத்தமே 66 கேள்வி, அதுல 34 தான் போட்டேன். 27 சரி. 96 வந்துச்சு. பழைய ஐஐஎம் எதுவும் கிடைக்கல, ஆனா வேற ஒரு நல்ல காலேஜ் கிடைச்சு முடிச்சுட்டேன். அந்த ரெண்டு வருஷத்துல மூளை ஒண்ணும் வளந்துடல. வீம்புதான் கொஞ்சம் குறைஞ்சுது.

அதனால தயாரிப்புன்னா என்னன்னு என்கிட்ட யாராவது கேட்டா, நான் சொல்றது இவ்வளவுதான்.

முதல்ல தப்பு நோட்டு. வாரத்துக்கு ஒரு மாக் போதும். எழுத 2 மணி நேரம்னா அலச 6 மணி நேரம் ஒதுக்குங்க. தெரியாத தப்பு, அவசரத் தப்பு, விட்டிருக்க வேண்டியதுன்னு மூணு பத்தி போட்டு எழுதுங்க. முதல் பத்திக்கு மருந்து பாடப்புத்தகம். ரெண்டாவதுக்கு நிதானம். மூணாவதுக்கு மருந்து எந்தக் கோச்சிங்லயும் விக்கிறதில்ல, நாமளே நம்ம மனசோட சண்டை போட்டாத்தான் உண்டு. சில பேர் 50 மாக் எழுதினேன், 60 மாக் எழுதினேன்னு பெருமையாச் சொல்லுவாங்க. தினம் வெயிட் பாத்தா உடம்பு இளைக்குமாங்க?

ரெண்டாவது, முதல் அஞ்சு நிமிஷம் வேடிக்கை பாக்கப் பழகணும். டேட்டா பகுதியில எல்லா செட்டையும் மேலோட்டமாப் படிச்சுட்டு, எது நம்ம ஆளுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் பேனாவை எடுக்கணும். 2024 பேப்பர்ல அஞ்சு செட். அதுல ரெண்டு மூணை ஒழுங்கா முடிச்சாலே நல்ல மார்க். கணக்குலயும் அப்படித்தான். 22-ஐயும் போடணும்னா ஒண்ணுக்கு ரெண்டு நிமிஷம் கூடக் கிடையாது. நம்மளால முடியற 12-ஐ மட்டும் எடுத்தா ஒண்ணுக்கு 3 நிமிஷம் 20 செகண்ட். அவ்வளவு நேரம் கையில இருந்தா பதட்டமே பாதி குறைஞ்சிடும்.

மூணாவது, கணக்குல சதவீதம், விகிதம், லாப நஷ்டம், வேகம் தூரம், கலவை இதெல்லாம் முதல்ல. நாம எட்டாவதுல படிச்சதுதான். திரையில கால்குலேட்டர் தருவாங்க, ஆனா மவுஸால ஒவ்வொரு எண்ணா அழுத்தி முடிக்கறதுக்குள்ள விடிஞ்சுடும். நம்மூர் மளிகைக்கடை அண்ணாச்சி பேப்பர் பேனா இல்லாம எவ்வளவு வேகமாக் கூட்டுறார், அந்த வேகம் வந்தாப் போதும்.

நாலாவது இங்கிலீஷ். என்னை மாதிரி தமிழ் மீடியத்துல இருந்து வந்தவங்களுக்கு நிஜமான பயம் இதுதான். தத்துவம், சூழலியல், பொருளாதாரம், வரலாறுன்னு கட்டுரை கட்டுரையா வரும். நாம உடனே கஷ்டமான வார்த்தை லிஸ்ட் வாங்கி மனப்பாடம் பண்ண ஆரம்பிச்சுடுவோம். நானும் ஆறு மாசம் அதைத்தான் பண்ணேன், ஒரு பிரயோஜனமும் இல்ல. கேக்கறது வார்த்தைக்கு அர்த்தம் இல்ல, எழுதினவர் என்ன சொல்ல வர்றார்ங்கறது. எனக்குக் கை கொடுத்த வழி ஒண்ணு இருக்கு. தினமும் ஒரு நீளமான இங்கிலீஷ் கட்டுரை படிக்கணும். முடிச்சதும் மூடி வச்சுட்டு, "இந்தாளு என்னதான்பா சொல்றாரு?"ங்கறதுக்குத் தமிழ்ல ஒரே ஒரு வரி எழுதணும். எழுத முடியலைன்னா புரியலைன்னு அர்த்தம், திரும்பப் படிக்கணும். மூணு மாசத்துல வித்தியாசம் தெரியும். நமக்குத் தமிழ் ஒரு தடைன்னு எல்லாரும் சொல்றாங்க. என்னைக் கேட்டா அதுதான் உரைகல். ஆனா இது கடைசி மாசத்துல ஆரம்பிக்கற வேலை இல்ல, ஆறேழு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சுடணும்.

கடைசியா கோச்சிங். வேணாம்னு சொல்ல மாட்டேன். கூடப் படிக்க நாலு பேர் இருக்கறது பெரிய பலம். ஆனா வளையலை அடகு வைக்கற அளவுக்கு அங்க ரகசியம் எதுவும் இல்ல. 2017-ல இருந்து வந்த பழைய கேள்வித்தாள்கள் இணையத்துல இலவசமாவே கிடைக்குது. அதையும் தப்பு நோட்டையும் வச்சு முக்காவாசி தூரம் போயிடலாம். மகனே மகளேன்னு பாசமா விளம்பரம் போட்டு, 99 வாங்கினவங்க போட்டோவா ஒட்டுறாங்களே, அதே வகுப்புல 60 வாங்கினவங்க போட்டோவை எங்கயாவது பாத்திருக்கீங்களா?

இப்ப ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன், இல்லைன்னா விடுறதுதான் சாமர்த்தியம்னு எவனாவது படிக்காமலே போய் உக்காந்துடுவான். விடுறதுன்னா பாத்துட்டு விடுறது. ஒரு நிமிஷம் நியாயமா யோசிச்சு, வழி தெரியலைன்னு முடிவு பண்ணி நகர்றது. ஒரு பகுதியையே மொத்தமா விட்டுடவும் முடியாது, ஐஐஎம்கள் ஒவ்வொரு பகுதிக்கும் தனியா குறைஞ்சபட்ச பெர்சன்டைல் கேக்கறாங்க. மைனஸ் இல்லாத கேள்வியில ஓரளவு கணக்குப் போட்டிருந்தா சும்மா விட வேணாம், வந்த விடையை டைப் பண்ணிட்டு வாங்க. போனா ஒண்ணும் போகாது.

போன ஞாயித்துக்கிழமை தங்கச்சி அடுத்த மாக் எழுதினா. சாயங்காலம் போன் வந்துச்சு. பயந்துக்கிட்டேதான் எடுத்தேன்.

"அண்ணே, 31 தான் போட்டேன். கை நமநமன்னு இருந்துச்சுண்ணே. பக்கத்து சீட் பையன் விடாம அழுத்திக்கிட்டே இருந்தான்."

"மார்க்?"

"21 சரி. 55 வந்திருக்கு."

சரியான விடை ரெண்டுதான் கூடியிருக்கு. மார்க் 30-ல இருந்து 55. இது ஒரு மாக்தான், நவம்பர்ல என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும். ஆனா இந்தத் தடவை அவ அழல. பின்னாடி சித்தப்பா "என்னம்மா, எல்லாத்தையும் எழுதிட்டியா?"னு கேக்கறது எனக்கே கேட்டுச்சு. அவருக்கு இதை எப்படிப் புரிய வைக்கறதுன்னுதான் ரெண்டு பேரும் யோசிச்சுக்கிட்டிருக்கோம்.

இந்த மாதிரி தேர்வு எழுதினவங்க யாராவது இருந்தா, நீங்க எதை விட்டீங்க, எதை விட முடியாமத் தவிச்சீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. அவளும் வந்து படிப்பா.

டிஸ்கி: பஜ்ஜி ஆறிப்போயிடுச்சு. அதையும் விடலைங்க, தின்னுட்டேன். ஹி ஹி.