அடுக்குப் பானையும் அன்றாடக் கூலியும்

விலைவாசி ஏறும்போதெல்லாம் வீடு தேடி வருகிறது ஒரு யோசனை. "மலிவாக இருக்கும்போதே வாங்கி வையுங்கள், மொத்தமாக வாங்குங்கள், ஆறு மாதச் சாமானை அடுக்களையில் சேர்த்துவிடுங்கள், அகவிலை உங்களை அண்டாது" என்கின்றனர் அறிந்தோர். அறிவுரை அழகாகத்தான் இருக்கிறது, கேட்கவும் இனிக்கிறது. நாம் கேட்பது ஒரே ஒரு கேள்வி. வாங்கி வைக்க வேண்டியதுதான். எந்தப் பணத்தில்?

யோசனை தவறு என்று கூற வரவில்லை நாம். சேர்த்து வைப்பது தமிழ்க் குடும்பத்துக்குப் புதியதும் அல்ல. குதிரும் குலுக்கையும் அடுக்குப் பானையும் நம் நாட்டு வீடுகளில் அழகுக்காக இருந்தவை அல்ல. மாசி, பங்குனியில் புளி வந்ததும் கொட்டை நீக்கி, உப்புச் சேர்த்து, வெயிலில் காயவைத்துப் பானையில் அமுக்கி வைத்தார்கள். ஆண்டு முழுதும் குழம்புக்கு அதுவே ஆயிற்று. துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்தார்கள், வண்டு விழவில்லை. நெல்லோடு நொச்சித் தழையும் வேப்பிலையும் போட்டு வைத்தார்கள். பூச்சி எளிதில் அணுகவில்லை. அறுவடையின்போது வாங்கு, அருமையின்போது உண். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத நம் தாய்மார்கள் அறிந்திருந்த பொருளாதாரம் இது.

ஆனால், தோழர்களே, குதிர் இருந்தது யார் வீட்டில்? நிலம் உள்ளவன் வீட்டில்! கூலிக்கு அறுத்துக் கொடுத்தவன் வீட்டில் இருந்தது ஒரு கலயம். அதுவும் பாதி நாள் காலி.

இன்று குதிர் போய்விட்டது, கலயம் போகவில்லை. அது பொட்டலமாக உருமாறி இருக்கிறது, அவ்வளவுதான். அன்றாடம் கூலி பெறுகிறவன் அன்றாடம் கடைக்குப் போகிறான். ஒரு கணக்குப் பார்ப்போம். கிலோ 160 ரூபாய் விற்கிற பருப்பை ஒருவன் 50 கிராம் பொட்டலமாக, பொட்டலம் 10 ரூபாய்க்கு வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். இருபது பொட்டலம் சேர்ந்தால் ஒரு கிலோ. அவன் கொடுத்தது 200 ரூபாய். மாதச் சம்பளக்காரர் கொடுத்தது 160. மூட்டையாக வாங்கியவர் கொடுத்தது அதனினும் குறைவு. ஒரே கடை, ஒரே பருப்பு. ஆனால் இல்லாதவனுக்கு ஒரு விலை, இருப்பவனுக்கு ஒரு விலை! வறுமைக்கு வரி போட்ட சட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் நாள்தோறும் அந்த வரி வசூலாகிறது.

தெருமுனைக் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. அவரும் மொத்தக் கடையில் கைமாற்றுக்குச் சரக்கு எடுப்பவர்தான். அவர் கணக்கு நோட்டில் நம் தோழர் பெயர் ஏறியிருக்கிறது. கடன் தீராத வரையில், அடுத்த தெருவில் மலிவாகக் கிடைத்தாலும் அங்கே போக முடியாது. கடன்பட்டவனுக்குக் கடை தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் ஏது?

இன்னொன்றும் கவனியுங்கள். ஆலைத் தொழிலாளியின் கையில் ஆண்டுக்கு ஒரு முறை பெருந்தொகை சேர்வது தீபாவளி போனசின்போது. அது ஐப்பசி. புதுத் துவரை மார்க்கெட்டுக்கு வருவதோ மார்கழிக்குப் பிறகு. புளி வருவது மாசி, பங்குனியில். பணம் வரும்போது பண்டம் மலிவாக இல்லை. பண்டம் மலியும்போது பணம் இல்லை! ஐப்பசியில் வந்தது கார்த்திகைக்குள் கடனுக்கும் துணிமணிக்கும் போய்விடுகிறது. வாங்கி வைக்கச் சொல்லும் அறிவாளர்கள் இந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்ததுண்டா?

2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது என்ன நடந்தது? பணம் உள்ளவர்கள் இரண்டு மாதச் சாமானை ஒரே நாளில் அள்ளிச் சென்றனர். அன்றாடங்காய்ச்சிகள் கடைக்குப் போனபோது தட்டு காலியாக இருந்தது. இருந்ததற்கு விலை ஏறியிருந்தது. அன்று அவர்களுக்குக் கைகொடுத்தது எது? ரேஷன் கடை. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும், 2020 ஏப்ரலுக்கான அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் விலையின்றி வழங்கப்பட்டன. தனித்தனி அடுக்களைகளால் முடியாததைப் பொது அடுக்களை செய்தது.

வீட்டில் இரண்டு கிலோ சேர்த்து வைப்பது சிக்கனம். கிடங்கில் அடைத்து வைத்து விலை ஏறக் காத்திருப்பது பதுக்கல். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அரசாங்கம் அறியாததல்ல. அதற்காகத்தான் 1955-ல் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம் வந்தது. 2020-ல் அந்தச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கினார்கள். காய்கறி, பழங்களின் சில்லறை விலை இரட்டிப்பானாலொழிய, கெட்டுப்போகாத தானியம், பருப்பின் விலை ஒன்றரை மடங்கானாலொழிய, இருப்புக்கு வரம்பு கட்ட முடியாது என்று திருத்தினார்கள். விவசாயிகள் டில்லி எல்லையில் வெயிலிலும் பனியிலும் ஓராண்டு அமர்ந்து போராடினார்கள். 2021 நவம்பரில் வேளாண் சட்டங்களோடு அந்தத் திருத்தமும் திரும்பப் பெறப்பட்டது. உழவன் போராடினான்; உண்பவனுக்கும் பயன் கிடைத்தது!

பிறகு 2023 ஜூனில் துவரையும் உளுந்தும் விலை ஏறியபோது மத்திய அரசு வரம்பு விதித்தது. சில்லறைக் கடைக்கு 5 டன். மொத்த வியாபாரிக்கு ஒவ்வொரு பருப்பிலும் 200 டன். 200 டன் என்றால் இரண்டு லட்சம் கிலோ. வரம்பே அவ்வளவு! இந்தக் கிடங்குகளை விட்டுவிட்டு, பாட்டாளி வீட்டுப் பரணைப் பார்த்து, "அங்கே ஏன் பருப்பு இல்லை?" என்று கேட்பது நியாயமா?

சரி, செய்ய வேண்டியது என்ன? கைகட்டிக் கண்ணீர் விடுவது நம் வழக்கம் அல்ல. மூன்று வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, ரேஷன் கடை. அதுதான் உழைப்பாளியின் அடுக்குப் பானை. 2011 ஜூன் முதல் இங்கே ரேஷன் அரிசிக்கு விலை இல்லை. 2007-ல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தின் வழியாகத் துவரம்பருப்பும் பாமாயிலும் மானிய விலைக்கு வந்தன. வெளிமார்க்கெட்டில் எத்தனையோ முறை விலை ஏறியும், அங்கே பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்பது பல்லாண்டுகளாக ஏறாமல் நின்ற விலை. இதைக் காப்பது நம் கடமை. "பருப்பு இன்னும் வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள்" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பி வருகிறவர் ஒரு நாள் கூலியையும் இழக்கிறார். கிளைத் தோழர்கள் மாதம் ஒரு முறையாவது கடைக்குப் போய், வந்த சரக்கு எவ்வளவு, எடை சரியா, அட்டைக்கு உரியது கிடைத்ததா என்று பார்க்க வேண்டும். சண்டைக்கு அல்ல, கண்காணிப்புக்கு.

இரண்டாவது, கூட்டாக வாங்குவது. இங்கிலாந்தில், ராச்டேல் என்ற ஊரில், 1844-ல் 28 பேர் கூடினார்கள். பலர் நெசவாளிகள். வாரம் சில பென்னிகளாகச் சேர்த்து, ஆளுக்கு ஒரு பவுன் போட்டு ஒரு கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு இவ்வளவே சரக்கு. கலப்படம் இல்லை, எடை சரி, லாபம் வாங்கியவர்களுக்கே. உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கு வழிகாட்டியது அந்தச் சிறு கடை. நம் சென்னையிலும் 1904-லேயே திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிவிட்டது. ஆகவே இது கனவு அல்ல. செய்து காட்டப்பட்ட காரியம்.

பத்துக் குடும்பங்கள் சேருங்கள். வாரம் ஐம்பது ரூபாய் சீட்டுப் போல் கட்டுங்கள். போனஸ் வந்தால் அதில் ஒரு பங்கு. தை, மாசியில் துவரம்பருப்பு ஒரு மூட்டை, பங்குனியில் புளி. வெயிலில் காயவைத்துப் பங்கிடுங்கள். பழையதை முதலில் எடுங்கள். வரவு செலவை நோட்டில் எழுதி, எல்லார் முன்னிலையிலும் படியுங்கள். கணக்கில் மறைவு வந்தால் கூட்டுறவு அன்றே செத்தது. தனியாக ஒருவனால் வாங்கி வைக்க முடியாததைப் பத்துப் பேர் சேர்ந்தால் வாங்கி வைக்க முடியும்.

மூன்றாவது, கூலி. மற்ற இரண்டும் இதற்குத் துணையே அன்றி மாற்று அல்ல. தொழிலாளர் விலைவாசிக் குறியீட்டைக் கொண்டே பலருக்குப் பஞ்சப்படி கணக்காகிறது. அந்தக் குறியீட்டில் உணவின் பங்கு 2001 அடிப்படையில் நூற்றுக்கு 46 ஆக இருந்தது. 2016 அடிப்படையில் 39 ஆகக் குறைந்தது. சராசரித் தொழிலாளிக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் கூலி குறையக் குறைய அதில் சோறு எடுத்துக்கொள்ளும் பங்கு கூடும். பருப்பும் எண்ணெயும் ஏறும்போது, அடிமட்டக் கூலிக்காரனின் வீட்டில் ஏறுகிற செலவு குறியீட்டில் முழுமையாகத் தெரியாது. அதுவும் பஞ்சப்படி என்ற சொல்லையே கேட்டறியாத கட்டடத் தொழிலாளியும் சுமைதூக்கியும் வீட்டு வேலை செய்யும் சகோதரியும் என்ன செய்வார்கள்? அவர்களையும் சங்கத்தில் சேர்ப்பது, விலையோடு ஏறும் கூலியை அவர்களுக்கும் கேட்டுப் பெறுவது, சங்கத் தோழர்களின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

சிக்கனமாக இருக்க ஏழைக்கு எவரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. அவன் வீட்டில் வீணாவது எதுவும் இல்லை. அவனுக்குக் குறைவது அறிவு அல்ல, முன்பணம். அந்த முன்பணத்தைக் கூட்டு முயற்சியால் உண்டாக்குவோம். நியாயமான கூலியால் நிலைக்கச் செய்வோம். பொது விநியோகத்தால் காத்து நிற்போம்.

வருகிற தை மாதத்துக்குள் ஒவ்வொரு கிளையிலும் பத்துக் குடும்பச் சீட்டு ஒன்றேனும் தொடங்கட்டும். அடுக்குப் பானை நிறையட்டும், பாட்டாளியின் வீட்டிலும்!