சிட்டை இல்லாத பெட்டி நமக்கு வேண்டாம்

ரொறன்ரோவில் நம்மவர் நடத்தும் பலசரக்குக் கடைகளில் மீன் விற்காத கடை அரிது. மாசிக்கருவாட்டுக்கும் நெத்தலிக்கும் உறைந்த பாரைக்கும் என்றே வாடிக்கையாளர் தேடி வருகிறார்கள். ஆனால் "தெரிந்த ஆள் கொண்டுவந்தது, விலையும் மலிவு" என்று சிட்டையும் லேபலும் இல்லாத பெட்டியை வாங்கி வைக்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. இதை நாம் கைவிட வேண்டும்.

கனேடியருக்கான பாதுகாப்பான உணவு ஒழுங்குவிதிகள் 2019 ஜனவரி 15 முதல் நடைமுறையில் உள்ளன. மீன் இறக்குமதி செய்பவர் கனேடிய உணவுப் பரிசோதனை முகவரகத்தின் உரிமம் பெற வேண்டும். எங்கே கேடு வரக்கூடும், அதை எப்படித் தடுப்பது என்ற திட்டத்தையும் எழுத்தில் வைத்திருக்க வேண்டும். ஆண்டு விற்பனை 100,000 டொலருக்கு மேற்படாத சிறு வணிகருக்கு வேறு சில உணவுகளில் இந்த எழுத்துத் திட்டத்திலிருந்து விலக்கு உண்டு, மீனுக்கு இல்லை.

"சிறியவருக்கும் பெரியவருக்கும் ஒரே சட்டமா?" என்று அங்கத்தவர் சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் சூரை போன்ற மீனைப் பிடித்தவுடன் குளிரில் வைக்காவிட்டால் அதில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உண்டாகிறது. பின்னர் உறைய வைத்தாலும் சமைத்தாலும் அது போகாது. மணத்தை வைத்தும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. பத்துப் பெட்டியா, கொள்கலன் நிறையவா என்று அது பார்ப்பதில்லை. பிடித்த இடத்தில் மீனை எப்படிக் கையாண்டார்கள் என்பதற்கு இறக்குமதியாளர் ஆதாரம் கேட்டே ஆகவேண்டும்.

இறக்குமதி செய்யாத சில்லறைக் கடைக்காரருக்கும் கடமை உண்டு. எந்தச் சரக்கை, எந்தத் தொகுதி இலக்கத்தில், யாரிடம், எப்போது வாங்கினோம் என்ற பதிவை 2 ஆண்டுகள் வைத்திருந்து, முகவரகம் கேட்டால் 24 மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். வாடிக்கையாளரின் பெயரை எழுதத் தேவையில்லை. ஒரு கோப்பு போதும். ஒரு தொகுதி மீளப்பெறப்படும்போது சிட்டை உள்ளவர் அந்தப் பெட்டிகளை மட்டும் அகற்றுவார். சிட்டை இல்லாதவர் எல்லாவற்றையும் கொட்ட நேரும். நட்டத்தை யாரிடம் கேட்பது?

சிறு இறக்குமதியாளர் நாலைந்து பேர் ஒரே நிறுவனமாகச் சேர்ந்து உரிமம் எடுத்தால் செலவும் எழுத்து வேலையும் குறையும். திட்டத்துக்கும் பதிவேட்டுக்கும் மாதிரிப் படிவங்களைத் தமிழ் விளக்கத்துடன் அச்சிட்டு வழங்குவதை நமது சங்கம் தன் பொறுப்பாக ஏற்க வேண்டும்.

ஒரு கடையின் மீனால் ஒரு குடும்பம் நோயுற்றால், ஊர் அந்தக் கடையின் பெயரை மட்டும் சொல்வதில்லை. "தமிழ்க் கடை மீன்" என்றே சொல்லும். அந்தப் பெயர் நம் எல்லோருடைய முதல்.