துக்க வீட்டுக்கு எந்தப் பூ?

பூவைப் பற்றி நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கோயிலுக்கு எது, கூந்தலுக்கு எது, மணப்பந்தலுக்கு எது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். கேதத்துக்கு எது என்பதும் தெரியும். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேத வீடு அந்நிய தேசத்தில் இருந்துவிட்டால் என்ன செய்வது?

வேடசந்தூர்ச் சகோதரி ஒருவர் இந்தக் கேள்வியைத்தான் நமக்கு எழுதியிருக்கிறார். திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் சாலையில், குடகனாற்றை ஒட்டியுள்ள அவ்வூர் புகையிலைக்கும் நூற்பாலைகளுக்கும் பெயர் போனது. பஞ்சும் நூலுமாகப் பார்த்து வளர்ந்த அவருடைய குமாரர், ஜவுளித் தொழில் நுட்பம் பயிலப் போலந்து தேசத்துக்குப் போயிருக்கிறார். நம் கோயமுத்தூரைப் போல ஆலைகளால் வளர்ந்த 'வூச்' என்னும் நகரத்தில் வாசம். அவர் குடியிருந்த வீட்டுக்கு உடையவரான மூதாட்டி, அயல்தேசத்துப் பிள்ளை என்று பாராமல் காய்ச்சல் கண்டபோது பக்கத்திலிருந்து கவனித்தவர், காலமாகிவிட்டார். "செவ்வந்தி வாங்கிப் போகலாம் என்கிறார்கள், அம்மா. அது நமக்கு ஆயுத பூஜைப் பூ ஆயிற்றே, எடுத்துப் போகலாமா?" என்று பிள்ளை கேட்டாராம். தாயாருக்கு விடை தெரியவில்லை. "தப்பான பூவைக் கொண்டு போய் என் மகன் தலைகுனிந்தால்கூடப் பாதகமில்லை. அழுதுகொண்டிருப்பவர்கள் மனசு நோகக் கூடாது" என்று எழுதுகிறார்.

அடக்கம் நமது பத்திரிகைக்காகக் காத்திராது. ஆதலால் அச்சகோதரிக்கு உடனே தனியாகப் பதில் எழுதிவிட்டோம். இன்று பல குடும்பங்களின் பிள்ளைகள் ஐரோப்பாவில் படிப்பதாலும் உழைப்பதாலும், மற்ற நேயர்களுக்கும் உதவும் என்று விஷயத்தை இங்கே விரித்துச் சொல்லுகிறோம்.

முதலில் செவ்வந்தி. தாராளமாக எடுத்துப் போகலாம். போலந்து ஜனங்களுக்குச் செவ்வந்தியே கல்லறைப் பூ. நாம் கவலைப்பட வேண்டியது வேறோர் இடத்தில். அந்த ஊரில் பிறந்த நாள் விருந்துக்கோ, புதுமனை புகும் வீட்டுக்கோ ஒருவர் செவ்வந்திக் கொத்துடன் போய் நின்றால், வீட்டுக்காரர் முகம் மாறும். நம் வீட்டுச் சுப காரியத்துக்கு ஒருவர் மலர்வளையம் கொண்டுவந்தால் நமக்கு எப்படியிருக்குமோ, ஏறக்குறைய அப்படித்தான்.

ஒரே பூ இங்கே மங்கலமும் அங்கே துக்கமும் ஆனதற்குச் செடியின் இயல்பே பாதிக் காரணம். செவ்வந்தி, இரவு நீளத் தொடங்கினால்தான் மொட்டு வைக்கும் இனம். சீன தேசத்திலிருந்து உலகெங்கும் பரவியும் அந்தக் குணம் அதை விட்டுப் போகவில்லை. ஆகவே புரட்டாசி ஐப்பசியில் நம் சந்தைக்குக் கூடை கூடையாக வருகிறது. அந்த மாதங்களில் நமக்கு நவராத்திரியும் தீபாவளியும். திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைப் பெருமானுக்குச் செவ்வந்திநாதர் என்றே ஒரு திருநாமம் உண்டு. போலந்திலும் செவ்வந்தி பூப்பது அதே பருவத்தில்தான். ஆனால் அங்கே அப்போது மரங்கள் இலையுதிர்த்து நிற்கும்; தோட்டத்தில் மற்றப் பூக்கள் பனியில் கருகிப் போயிருக்கும். இலேசான உறைபனியைத் தாங்கி நிற்கும் பூ இது. சரியாக அந்த வேளையில், நவம்பர் 1-ஆந் தேதி, சகல அர்ச்சியசிஷ்டர்களின் திருநாள் வருகிறது. அன்று தேசமெங்கும் விடுமுறை. ஜனங்கள் தொலைதூரத்திலிருந்தெல்லாம் பயணம் செய்து முன்னோர் கல்லறைகளைத் துடைத்து, தொட்டியோடு செவ்வந்தியை வைத்து, கண்ணாடிக் குடுவைக்குள் மெழுகு விளக்கேற்றுகிறார்கள். இரவில் கல்லறைத் தோட்டம் முழுவதும் தீபமயமாக இருக்கும். திண்டுக்கல் சீமையில் நம் கத்தோலிக்க சகோதரர்கள் நவம்பர் 2-ஆந் தேதி கல்லறைத் திருநாள் கொண்டாடுவதைப் பார்த்தவர்களுக்கு இக்காட்சி புதிதாக இராது.

அடுத்தது எண்ணிக்கை. இதில்தான் வெளியூரார் பெரும்பாலும் தவறுகிறார்கள். போலந்தில் சுபத்துக்கு ஒற்றைப்படை, துக்கத்துக்கு இரட்டைப்படை. விருந்துக்கு 5 ரோஜா, 7 ரோஜா. கல்லறைக்கு 4, 6, 8. நாம் மொய் எழுதும்போது நூறோடு நிறுத்தாமல் 101 என்று ஒரு ரூபாய் கூட்டிக் கொடுக்கிறோம் அல்லவா? அந்த ஒரு ரூபாய்க்கு உள்ள அர்த்தம் அங்கே அந்த ஒரு பூவுக்கு. கடைக்காரர் கைதவறி ஒன்று கூடுதலாகச் சேர்த்துவிட்டால், வெளியே வந்து எண்ணிப் பார்த்து ஒன்றை எடுத்துவிடுவது நலம். மலர்வளையமாகக் கட்டியதை மட்டும் யாரும் எண்ணுவதில்லை.

மலர்வளையம் என்பது அங்கே தலைவர்களுக்கு மட்டும் உரியதன்று. சாதாரணக் குடும்பங்களிலும் வைப்பார்கள். ஊசியிலை மரக் கிளைகளை வளைத்துக் கட்டி, அதன்மேல் பூக்களைச் செருகுவார்கள். குறுக்கே ஒரு பட்டு நாடா தொங்கும். அதில் ஒருபுறம் 'இறுதி வணக்கம்' என்ற பொருளுள்ள வாசகம். மறுபுறம் வைப்பவர் யார் என்பது: மகனும் மருமகளும், பேரப் பிள்ளைகள், அண்டை வீட்டார், உடன் வேலை செய்தவர்கள் என்று. நம் பக்கத்தில் கோடித்துணி யார் வீட்டிலிருந்து வரவேண்டும், எந்த வரிசையில் வரவேண்டும் என்பதற்கு முறை இருப்பதுபோல், அங்கே நாடாவைப் படித்தே உறவு முறையை அறிந்துகொள்ளலாம். பெரிய வளையம் நெருங்கிய உறவினருக்கு உரியது. குடியிருந்த மாணவன் ஒருவன் மிகப் பெரிய வளையம் வாங்கி மக்களுடைய வளையத்தை மறைக்கும்படி வைப்பது மரியாதை ஆகாது. கையடக்கமான கொத்து ஒன்றும் விளக்கு ஒன்றும் போதும். மாணவர்கள் சிலர் சேர்ந்து, தங்கள் பெயரெழுதிய நாடாவுடன் நடுத்தரமான வளையம் ஒன்று வைத்தாலும் பொருத்தமே. இவற்றையெல்லாம் கல்லறைத் தோட்ட வாசல் கடைகளிலேயே வாங்கலாம். அடக்கத்துக்கு என்று சொன்னால் போதும்; கடைக்காரரே முறையறிந்து கட்டிக் கொடுத்துவிடுவார்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளை எவருக்கும் பொருந்தும். குழந்தைகளுக்கும் மணமாகாத இளையோருக்கும் வெள்ளையே விசேஷம். லில்லி, ரோஜா, கார்னேஷன் ஆகியவையும் வழக்கத்தில் உள்ளவையே. முதியவர்களுக்கு அடர்ந்த சிவப்பும் ஊதாவும் வைப்பதுண்டு. நம்முடைய மல்லிகையையும் சம்பங்கியையும் எங்கேயாவது தேடிப் பிடித்து மாலையாகக் கட்டிப் போக வேண்டும் என்று ஆசைப்பட வேண்டாம். இறந்தவர் கழுத்தில் மாலை சூட்டும் வழக்கமும், போகிற வழியெல்லாம் பூவை உதிர்த்துச் செல்லும் வழக்கமும் அங்கே நம்முடையவைபோல் இல்லை. தேவாலயத்தில் பூசை முடிந்தபின் பேழையைத் தொடர்ந்து அமைதியாக நடந்து, குழியருகில் நின்று, ஒரு பிடி மண்ணோ ஒரு மலரோ இட்டு வணங்குவார்கள். உடை கறுப்பாகவோ மங்கலான நிறமாகவோ இருக்க வேண்டும்.

பூ வாங்கப் புறப்படுமுன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. நம்மூரில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டுவதுபோல, போலந்திலும் மரண அறிவிப்பைக் கறுப்புக் கரையிட்ட தாளில் அச்சிட்டுத் தேவாலய வாசலிலும் விளம்பரப் பலகையிலும் ஒட்டுகிறார்கள். அதைக் கடைசி வரிவரையில் படிக்க வேண்டும். 'பூ வேண்டாம், அந்தப் பணத்தை இன்ன தருமத்துக்குக் கொடுங்கள்' என்று சில குடும்பத்தார் கேட்டுக்கொள்வது உண்டு. 'நேரில் அனுதாபம் கூற வேண்டாம்' என்றும் சிலர் போடுவார்கள். அப்படிப் போட்டிருந்தால் கையைப் பற்றிக்கொண்டு ஆறுதல் சொல்ல முற்படாமல், தூர நின்று தலைவணங்கித் திரும்புவதே அன்பு.

துக்கச் சின்னங்களை அத்தேசத்தார் இவ்வளவு கருத்தாகப் போற்றுவதை விளங்கிக்கொள்ள அவர்களுடைய சரித்திரம் உதவும். 1795 முதல் 1918 வரை 123 ஆண்டுக் காலம் போலந்து என்ற ராஜ்யமே பூகோளப் படத்தில் இல்லை. மூன்று பேரரசுகள் அதைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. 1861-ஆம் வருஷம் பிப்ரவரி 27-ஆந் தேதி வார்ஸா நகரில் ருஷ்யத் துருப்புகள் சுட்டதில் ஐந்து பேர் மாண்டார்கள். மார்ச் 2-ஆந் தேதி நடந்த அவர்களுடைய அடக்கத்தில் நகரமே திரண்டது. அதன்பின் போலிஷ் மாதர்கள் கறுப்புடையும் கறுப்பு நகையும் அணிந்து தேசத்துக்காகத் துக்கம் காத்தார்கள். அன்னிய அரசாங்கம் அந்த உடையையே குற்றமாகப் பாவித்தது. கதர் உடுத்தியதற்காகச் சந்தேகத்துக்கு ஆளான நம் பாட்டிமார்களின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது எளிதில் விளங்கும். ஜெர்மானியருக்கு எதிராக 1944-ஆம் வருஷம் ஆகஸ்டு 1-ஆந் தேதி வார்ஸாவில் மூண்ட கிளர்ச்சியில் மாண்டவர்களுக்கு, வருஷந்தோறும் அந்நாளில் வெள்ளையும் சிவப்புமாக மலர் வைக்கிறார்கள். அவை தேசியக் கொடியின் நிறங்கள். ஆகையால் தேசத்துக்காக உழைத்த முதியவர் ஒருவரின் அடக்கமானால் அவ்விரு நிறமும் சேர்ந்த கொத்து மிகவும் பொருந்தும்.

போலந்துக்காரரின் கல்லறைகளைக் காண வார்ஸாவரைக்கும் போக வேண்டியதில்லை. நம் தேசத்திலேயே இருக்கின்றன. 1940, 1941-ஆம் வருஷங்களில் சோவியத் அரசாங்கம் வீடுவாசலிலிருந்து பெயர்த்து நாடு கடத்திய போலிஷ் குடும்பங்களில் பலர் பின்னர் இந்தியாவை அடைந்தார்கள். 1942-இல் நவாநகர் ஜாம் சாகேப் திக்விஜய்சிங் பாலாசடியில் அனாதைக் குழந்தைகளுக்கு அடைக்கலம் அளித்தார். அந்த நன்றியை மறவாமல் வார்ஸாவில் ஒரு சதுக்கத்துக்கு 'நல்ல மகாராஜா' என்று பெயரிட்டிருக்கிறார்கள். கோலாப்பூருக்கு அருகில் வலிவடே என்னுமிடத்தில் 1943 முதல் 1948 வரை சுமார் 5,000 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், முகாமில் வாழ்ந்தார்கள். ஊர் திரும்பும் நாளைக் காணாமல் அங்கேயே கண்மூடியவர்களின் கல்லறைகள் கோலாப்பூரில் உள்ளன. ஊசியிலை மரமும் உறைபனியும் இல்லாத அந்தச் சீமையில், நம் நாட்டுப் பூக்களைக்கொண்டுதானே அவர்கள் தம் மக்களை வழியனுப்பியிருக்க வேண்டும்?

வெளிநாட்டிலுள்ள நம் பிள்ளைகளுக்குப் பெற்றோர் எழுத வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. போலந்தில் மரியாதை அடக்கத்தன்று முடிந்துவிடுவதில்லை. நாம் திதி மறவாததுபோல் அவர்கள் நவம்பர் முதல் தேதியை மறப்பதில்லை. அன்று அந்த மூதாட்டியின் கல்லறைக்கு ஒரு தொட்டிச் செவ்வந்தியுடன் நம் வேடசந்தூர்ப் பிள்ளை போய் நின்றால், அடக்கத்தன்று வைத்த எந்தப் பூவைவிடவும் அது அவர் மக்களின் நெஞ்சைத் தொடும். பராமரிக்க ஆளில்லாத கல்லறை பக்கத்தில் இருந்தால் அதற்கும் ஒரு விளக்கு வைத்துவிட்டு வரட்டும். அந்த ஊர்க்காரர்கள் அப்படிச் செய்வது வழக்கம்.

அந்த வழக்கத்தை நாமும் கைக்கொள்ளலாம். கோலாப்பூர் மகாலக்ஷ்மி தரிசனத்துக்கு நம்மவர்கள் ஆண்டுதோறும் போகிறார்கள். ஐப்பசி மாதத்தில் போக நேருபவர்கள் அந்தக் கல்லறைகளை விசாரித்துச் சென்று, எண்ணி நாலு செவ்வந்தி வைத்துவிட்டு வரலாம். திண்டுக்கல் பூச்சந்தையில் நமக்குக் கிடைக்கும் அதே பூதான்.