சிவப்பு விளக்கைக் கொல்லாதீர்!

கஞ்சிக்கோட்டில் பழைய ஜாவா வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. மைசூரில் 1961 முதல் உருவான குலம். சிவப்பு விளக்கு அணையவில்லையென்றால் நம்மவர் பல்பையே பிடுங்கிவிடுகிறார்கள். நோயைச் சொன்ன வாயை அடைப்பதா வைத்தியம்?

அவ்விளக்கு பாட்டரிக்கும் டைனமோவுக்கும் இடையே நிற்பது. சாவி திருப்பினால் எரியவேண்டும். எஞ்சின் வேகம் பிடித்து இருபுறமும் மின்னழுத்தம் சமமானதும் அணையவேண்டும். அணையவில்லையா? கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், காமுட்டேட்டரில் அழுக்கேறியிருக்கும், கட்-அவுட் முனைகள் கருகியிருக்கும். பிரஷ்ஷை முதலில் பாருங்கள் என்பேன். காசு பிடிக்காத வேலை. சாவி திருப்பியும் எரியவில்லையென்றால் மகிழவேண்டாம். பிரஷ் தொடாவிட்டாலும் அப்படித்தான்.

பல்பைப் பிடுங்கியவர் இரவில் வாளையாறு சாலையில் போகட்டும். பாட்டரி தீர்ந்து, முகப்பு விளக்கு மங்கி, எஞ்சினும் நிற்பதை லாரிகளுக்கு நடுவேதான் அறிவார்.